அக்கா கற்றுக்கொடுத்த செச்சென்

என் அக்காவுக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. அவளிடம் பாடம் படிக்க வேண்டும் என்று என் தலையில் எழுதியிருந்ததே தவிர, நானாக ஆசைப்பட்டதில்லை. பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தபோது ஸ்கேலால் முட்டியில் அடித்தாள். ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசராகி, முன்மண்டையில் முடி கொட்ட ஆரம்பித்த வயதில், மறுபடியும் அவளிடம் மாட்டினேன். இந்த முறை செச்சென் மொழி. ஸ்கேல் இல்லை, வாய் இருந்தது. ஸ்கேலே தேவலை.

ரஷ்யாவின் தெற்கு ஓரத்தில், மலைகளுக்கு அடியில் செச்சன்யா என்றொரு பகுதி. அதன் தலைநகரம் க்ரோஸ்னி. எங்கள் பக்கத்திலிருந்து டாக்டருக்குப் படிக்கப் பிள்ளைகள் எங்கெங்கோ போகிறார்கள். அக்கா அங்கே போனாள். படிப்பு முடிவதற்கு முன்பே கூடப் படித்த ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவன் அந்த ஊர்க்காரன், செச்சென் குடும்பம். செய்தி வந்த அன்று கணியம்பாடியில் எங்கள் நிலத்து பம்ப்செட்டுக்குப் போய், கட்டிய வேட்டியோடு தண்ணீரில் நின்று தலைமுழுகிவிட்டு வந்தார் அப்பா. ஈரம் சொட்டச் சொட்ட உட்கார்ந்து இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள். புண்ணியம் செய்தவள்.

கல்யாணம் நிலைக்கவில்லை. ஏன் என்று அக்கா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிரிந்தபோது பையனுக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. பிள்ளை அப்பன் வீட்டுக்குத்தான் சொந்தம் என்பது அங்கே பழைய வழக்கம். "எல்லா வூட்லயும் அப்படி இல்லடா. வந்து பாத்துட்டுப் போன்னு வுடறவங்களும் இருக்காங்க. நான் போன வூடு அப்படி இல்ல," என்று விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் சொன்னாள். அந்த வீட்டில் தாத்தா வைத்ததுதான் சட்டம். அவள் புறப்பட்ட கொஞ்ச நாளில் மகனுக்கு இன்னொரு கல்யாணம் செய்துவைத்தார். வந்தவளைத்தான் பையன் அம்மா என்று கூப்பிடுகிறான். வேறொருத்தி இருந்தாள் என்பதே அவனுக்குத் தெரியாது.

எனக்கு ரத்தம் கொதித்தது. கேஸ் போடலாம், எம்பசிக்கு எழுதலாம் என்று வீட்டில் குதித்தேன். எங்கள் பெரியப்பா வந்திருந்தார். காபியை ஆற்றிக்கொண்டே, "ஆம்பளப் புள்ள. அவங்க வூட்டு வாரிசு. நாமளா இருந்தா மட்டும் வுட்டுருவமா? இன்னாடா பேசற நீ?" என்றார். யோசித்துப் பார்த்தேன். விட்டிருக்க மாட்டோம். அதனால் கோபம் இன்னும் ஜாஸ்தியானது, ஆனால் அதை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

அக்கா எங்களோடு ஆம்பூரில் இருக்க ஆரம்பித்தாள். வெளிநாட்டில் படித்தவர்களுக்கான பரீட்சை இன்னும் தேறவில்லை, அதனால் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் உதவியாளாக வேலை. அப்பா அவளோடு நேராகப் பேசமாட்டார். அவள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே என்னிடம், "அந்தம்மாவுக்கு இன்னும் சோறு வேணுமான்னு கேளு," என்பார். அக்காவும் என்னிடமே, "போதும்னு சொல்லு," என்பாள். இரண்டு பேருக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளனாக நான் பழகியது அப்போதுதான்.

அப்படியே சில வருஷம் ஓடியது. ஒரு நாள் பையனின் அப்பனிடமிருந்து அக்காவுக்கு ரஷ்ய மொழியில் ஒரு மெசேஜ் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ காலில் பையனோடு பேசலாம், ஆனால் அவள் இல்லை. அவளுடைய தம்பி பேசலாம். வருகிற விருந்தாளியைத் திருப்பி அனுப்புவது அவர்கள் வழக்கத்தில் இல்லை, என் அப்பாவிடம் அதைச் சொல்லித்தான் சம்மதம் வாங்கினேன் என்று எழுதியிருந்தான். அம்மா என்ற பேச்சே எடுக்கக் கூடாது. பையனுக்கு ரஷ்ய மொழி சரியாக வராது, பள்ளிக்கூடம் போகும்வரை வீட்டில் செச்சென் மட்டும்தான் என்பது தாத்தாவின் பிடிவாதம். ஆகவே பேசினால் செச்செனில்தான் பேச வேண்டும்.

அம்மாவின் கூடப்பிறந்தவனுக்கு அந்த மொழியில் தனிச்சொல் உண்டு, 'நெனவஷ'. அவனுக்கு அங்கே மரியாதையும் உண்டாம். இதைக் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. உலகத்தின் அந்தக் கோடியிலும் தாய்மாமனுக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"மடியில உக்கார வெச்சு காது குத்தப் போறியா?" என்றாள் அக்கா. "நீ அங்க விருந்தாளி. புள்ளைக்கு நீ யாருமே இல்ல. அத மொதல்ல மண்டையில ஏத்திக்க."

"அப்ப நான் எதுக்குப் பேசணும்?"

"அவன் குரலக் கேக்கணும்டா எனக்கு. நீ பேசுனாதான் அவன் பேசுவான்."

அவ்வளவுதான் விஷயம். அவள் மகனின் குரல் அவள் காதில் விழ வேண்டுமானால் என் வாயில் செச்சென் வர வேண்டும்.

வரவில்லை. அந்த மொழியில் பாதி எழுத்து தொண்டைக்கு அடியிலிருந்து வருகிறது. தொண்டையை இறுக்கி ஒன்று, இறுக்கி விட்டு ஒன்று, அடைத்து வெடிக்கிற மாதிரி ஒன்று. அக்கா தன் இரண்டு விரலை என் குரல்வளையில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இங்க. இங்கேர்ந்து வரணும். சாம்பார் ஊத்தி ஊத்தி வழுவழுன்னு வெச்சிருக்கற," என்பாள். நான் ஒரு சொல்லைச் சொன்னால் சிரிப்பாள். சரியாகச் சொன்னாலும் சிரிப்பாள். தப்பாகச் சொன்ன சொல்லை அப்படியே என் குரலில் திருப்பிச் சொல்லிக் காட்டுவாள். அவள் நல்ல நடிகை. ஒரு நாள் அப்பாகூட அடுத்த அறையில் சிரித்தது கேட்டது. அவர்கள் இருவரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அது என்னை வைத்துத்தான் நடக்க வேண்டியிருந்தது.

கம்பெனியில் தோலை விரித்து உண்ணி கடித்த தழும்பு, சுருக்கம், கீறல் எல்லாவற்றுக்கும் சாக்பீஸால் வட்டம் போடுவது என் வேலை. அந்த இடங்களைத் தவிர்த்துத்தான் மெஷினில் வெட்டுவார்கள். வட்டம் போட்டுக்கொண்டே வாய்க்குள் முனகுவேன். பக்கத்து டேபிளில் இருந்த பாய் என் பழைய தோஸ்த். "இன்னா நைனா, தொண்டையில முள்ளா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். நான் தடுமாறிய 'ஹ' எழுத்தை ஒரே மூச்சில் சொல்லிக் காட்டிவிட்டார். "தெனம் அஞ்சு வேளை பாங்குல கேக்கறியே, காதுல வுழுந்தது வாய்க்கு வரலியா?" என்றார். அவரிடம் தனியாக இரண்டு நாள் பழகினேன். அந்த ஒரு எழுத்து மட்டும் எனக்குச் சுத்தமாக வரும். அக்கா அதைப் பாராட்டவில்லை. "ஒண்ணு போச்சு, மிச்சத்தப் பாரு," என்றாள்.

அவள் அந்த மொழியைக் கற்ற விதத்தையும் இப்படி ஒரு பாடத்தின் நடுவில்தான் சொன்னாள். அங்கே புது மருமகள் மாமனார் மாமியார் முன்னால் வாயைத் திறக்கக் கூடாது. வாரக்கணக்கில் ஊமை. பிறகு ஒரு நாள் சொந்தக்காரர்கள் கூடி, அவளைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, சிரித்துப் பேசி, சீண்டி, அவளைப் பேச வைப்பார்கள். நாக்கை அவிழ்த்துவிடுவது என்று அதற்குப் பெயர். "அத்தன நாளும் கேட்டுக்கினே இருந்தேன். வாயத் தெறந்தப்ப தப்பே இல்லாம வந்துச்சு. மாமனார் எழுந்து நின்னாரு," என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகம் நன்றாக இருந்தது. உடனே, "நீ நாள் முழுக்கப் பேசிக்கினே இருக்கற. அதான் உனக்கு வரல," என்று முடித்தாள்.

முதல் கால் ஒரு ஞாயிறு மத்தியானம். போனை ஒரு எவர்சில்வர் சொம்பில் சாய்த்து வைத்தோம். நான் அதற்கு எதிரில். அக்கா போனுக்குப் பின்னால், பீரோவில் சாய்ந்து, தரையில். அங்கே உட்கார்ந்தால் அவளுக்குப் போனின் முதுகு மட்டும்தான் தெரியும். ரெக்கார்டு செய்து தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். "மூஞ்சப் பாத்துட்டா அடுத்த வாட்டி என் வாய் சும்மா இருக்காது," என்றாள். நான் திணறினால் மைக்கை அணைத்துவிட வேண்டும், சிக்னல் போன மாதிரி முழிக்க வேண்டும், அதற்குள் அவள் சொல்லைக் கொடுப்பாள் என்று ஏற்பாடு.

திரையில் தாத்தா வந்தார். நரைத்த தாடி, தலையில் குல்லாய். என்னை நன்றாகப் பார்த்தார். நான் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். அவருக்குக் கண் விரிந்தது. 'மர்ஷா வோகீல' என்றார். நல்வரவு என்று அர்த்தம், சொல்லுக்குச் சொல் பார்த்தால் சுதந்திரமாக வா என்று அர்த்தம். அதன்பின் பையனை முன்னால் தள்ளிவிட்டு, தான் ஓரமாக உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு எல்லா ஞாயிறும் அவருடைய ஒரு முழங்கால் மட்டும் திரையின் ஓரத்தில் தெரியும்.

பையன் என் சாயல். சத்தியமாக என் சாயல். அதே தூக்கிய காது. வயது கேட்டேன், சொன்னான். பள்ளிக்கூடம் எப்போது என்றேன், ஏதோ நீளமாகச் சொன்னான், எனக்குப் புரியவில்லை. 'பர்கல்லா', அதாவது நன்றி, என்று சொல்லி வைத்தேன். விழுந்து விழுந்து சிரித்தான். போனுக்குப் பின்னால் அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

கால் முடிந்ததும் விசாரணை. பல் விழுந்திருக்கிறதா, நெற்றியில் இருந்த தழும்பு மறைந்ததா, முடியை ஒட்ட வெட்டியிருக்கிறார்களா. ஒன்றுக்குத் தெரியாது என்றாலும் திட்டு. "கண்ணு எதுக்கு வெச்சிருக்கற? தோல்ல உண்ணி கடிச்சது தெரியுது, புள்ள பல்லு தெரியலியா?"

பையனின் அப்பன் திரையில் வரவே மாட்டான். ஒரு முறை அறைக்குள் வந்தான். பையன் "தா", அதாவது அப்பா, என்று அவனை நோக்கி ஓடினான். அவன் குனிந்துகூடப் பார்க்காமல், மகனை ஏதோ நாற்காலியைத் தாண்டுவது போலத் தாண்டிப் போய்விட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கால் முடிந்ததும் கத்தினேன், அவனெல்லாம் ஒரு அப்பனா என்று.

"தாத்தா உக்காந்துக்கினு இருந்தாரா?" என்றாள் அக்கா.

"ஆமா."

"பெரியவங்க எதிர்ல சொந்தப் புள்ளையத் தூக்கிக் கொஞ்சக் கூடாது. அது அங்க வெக்கக்கேடு. தனியா இருக்கறப்ப அவன் புள்ளைய எப்படி வெச்சிருந்தான்னு எனக்குத் தெரியும். நம்ம வூட்ல எதிர்ல உக்கார வெச்சே கொன்னாங்க. அத நீ பேசு." அப்பா வாசலில்தான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். கேட்டிருக்கும். கேட்க வேண்டும் என்றுதான் அவள் சொன்னாள்.

அடுத்து வந்ததுதான் எங்கள் முட்டாள்தனம். தமிழன் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது சாப்பிட்டாயா என்றுதான். பையன் ஒரு ஞாயிறு சோர்வாக வந்து உட்கார்ந்தான். அக்கா குரலிலேயே அதைக் கண்டுபிடித்துவிட்டாள். மைக்கை அணைக்கச் சொல்லி, "சாப்ட்டானான்னு கேளுடா," என்று சொற்களை எடுத்துக் கொடுத்தாள். அவளாகக் கேட்கச் சொன்ன ஒரே கேள்வி அது. கேட்டேன். பையன் பதில் சொல்வதற்குள் தாத்தாவின் முழங்கால் எழுந்தது. அவர் முகம் திரையில் வந்தது. கால் துண்டிக்கப்பட்டது.

பையனின் அப்பன் மறுநாள் எழுதினான். தாய் வீட்டுப் பக்கத்து ஆள், எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு நாங்கள் சோறு போடுகிறோமா என்று எங்கள் எதிரிலேயே விசாரித்தான் என்று என் அப்பா எடுத்துக்கொண்டார், இனிமேல் கால் வேண்டாம் என்கிறார். அக்கா அதைப் படித்துவிட்டு என்னிடம் ரஷ்யனில் இருந்ததை வரி வரியாகத் தமிழில் சொன்னாள். தன் தப்பு என்று ஒரு முறையும் சொல்லவில்லை. அந்த மாதம் முழுக்க அவள் வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா என்னிடம், "அந்தம்மா ஏன் சாப்புடல?" என்று கேட்டார். எனக்கு வந்த எரிச்சலில், "நீயே கேளேம்ப்பா, வாயில இன்னா இருக்குது?" என்றேன். அவர் கேட்கவில்லை.

எப்படியோ கெஞ்சி, அந்த அப்பன் மறுபடியும் சம்மதம் வாங்கினான். இந்த முறை அக்கா கடுமையாகிவிட்டாள். சொந்தமாக ஒரு சொல் பேசக் கூடாது. இணையத்தில் இறக்கிய ஒரு பாலபாடம் இருந்தது, சின்னப் பிள்ளைகள் படிப்பது. அதில் உள்ள வாக்கியங்களை மட்டும்தான் நான் பேசலாம். வெளியே மழை பெய்கிறதா. பசு பெரியது. மலை உயரமானது. இதில் யார் மனம் நோகும்? கிளிப்பிள்ளை மாதிரி அதையே ஒப்பித்தேன். பையனுக்கு அது விளையாட்டாகிவிட்டது. நான் கேட்ட கேள்வியை அப்படியே என்னிடம் திருப்பிக் கேட்பான். உன் ஊரில் மழை பெய்கிறதா? உன் பசு பெரியதா? அக்கா பீரோவில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். அந்த ஞாயிறுகளில் மட்டும் அவள் என்னைத் திட்டவில்லை.

பாலபாடத்தில் குடும்பம் என்று ஒரு பாடம் வந்தது. அப்பா, அம்மா பக்கத்தை அக்கா தாண்டச் சொன்னாள். அண்ணன் தம்பி, அக்கா தங்கையில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டாள். நானும் கேட்டேன். "ஹன் யிஷ யுய்?" உனக்குக் கூடப்பிறந்தவள் இருக்கிறாளா?

இருக்கிறாள் என்றான். சித்திக்குப் பிறந்த குழந்தை, அவனைக் கடிக்கிறதாம். கையைக் காட்டினான். சிரித்தேன். பிறகு அவன் வழக்கம்போல அதே கேள்வியை என்னிடம் திருப்பினான்.

"ஹன் யிஷ யுய்?"

மைக்கை அணைத்தேன். அவள் கண்ணைத் திறந்திருந்தாள். ஓரத்தில் தாத்தாவின் முழங்கால் அசையாமல் இருந்தது.

"இல்லன்னு சொல்லு," என்றாள் அக்கா.

மைக்கைத் திறந்தேன். "யாட்ஸ்" என்றேன். இல்லை.

குழந்தைகளை ஏமாற்ற முடியாது. என் முகத்தில் எதைப் பார்த்தானோ, சிரிப்பதை நிறுத்திவிட்டான். போனுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து, மெதுவாக, "யெல்ல?" என்று கேட்டான்.

அந்தச் சொல் எனக்குத் தெரியாது. பாலபாடத்தில் அது இல்லை. மறுபடியும் மைக்கை அணைத்துவிட்டு அக்காவைப் பார்த்தேன்.

"செத்துட்டாங்களான்னு கேக்கறான்," என்றாள்.

என் விரல் மைக் பட்டன்மேலேயே இருந்தது.

"ஆமான்னு சொல்லுடா. கெழவன் பாத்துக்கினு இருப்பாரு. இந்தக் காலும் போய்ட்டா எனக்கு வேற இன்னா இருக்குது?"

எனக்கு அவள்மேல் வந்த கோபம் கொஞ்சமில்லை. போனைத் தூக்கி அவள் மடியில் போட்டுவிடலாமா என்று தோன்றியது. போடவில்லை. மைக்கைத் திறந்து, பாய் சொல்லிக்கொடுத்த அந்த எழுத்தில், "ஹா" என்றேன். ஆமாம்.

பையன் உடனே மண்டியிட்டு நேராக உட்கார்ந்தான். இரண்டு உள்ளங்கைகளையும் மார்புக்கு நேராக விரித்து ஏந்தினான். "தால கெச்தோய்ல," என்று ஆரம்பித்தான். கடவுள் மன்னிக்கட்டும் என்று அர்த்தம். அங்கே சாவு கேட்டால் ஆண்கள் இப்படித்தான் கையேந்தி துஆ செய்வார்கள். தாத்தா அவனைத் துக்க வீடுகளுக்குக் கூட்டிப்போய்ப் பழக்கியிருக்கிறார். ஒருவர் துஆ ஆரம்பித்துவிட்டால் கூட இருப்பவர் சும்மா இருக்கக் கூடாது. திரையின் ஓரத்தில், அந்த முழங்காலுக்கு மேலே, கிழவரின் இரண்டு கைகளும் மெதுவாக ஏறி வந்து விரிந்தன. அவள் உயிரோடு இருப்பது அவருக்குத் தெரியும்.

"கையத் தூக்கியிருக்கானா?" என்று அக்கா உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டாள். அவளுக்குத் தெரிந்தது போனின் முதுகு.

கண்ணால் ஆமாம் என்றேன்.

"ரெண்டு கையுமா?"

ஆமாம்.

மைக்கை அணைக்கச் சொல்லி விரலைக் காட்டினாள். அணைத்தேன்.

"அப்ப நீயும் தூக்குடா. விருந்தாளி தூக்கலன்னா மரியாத இல்ல."

தூக்கினேன். அவன் முடித்து முகத்தைத் தடவிக்கொள்ளும்வரை என் கையை இறக்கவில்லை.